டாஃபி வாத்தும் களவுபோன உண்டியல்களும்: ஒரு கோமாளித் துப்பறிவாளனின் வழக்கு

வழக்கு விவரம் இதுதான். ஊர் முழுக்கப் பன்றி வடிவ உண்டியல்கள் களவு போகின்றன. பறிகொடுத்தவர்களில் துப்பறிவாளனும் ஒருவன், விசாரணை அதிகாரியும் அவனே. சந்தேகத்துக்குரியவர்கள் ஒரு டஜன் பேர் தேறுவார்கள். அத்தனை பேரும் முகத்தைப் பார்த்த உடனே குற்றவாளி என்று சொல்லிவிடக்கூடிய ஆட்கள். உருப்படியான துப்பு எதுவும் கிடைக்கவில்லை. யாரும் கைதாகவும் இல்லை, ஏனென்றால் கடைசியில் எல்லோரும் செத்துப்போகிறார்கள். சம்பவ இடம் டாஃபி என்ற கார்ட்டூன் வாத்தின் மண்டை.

படத்தின் பெயர் 'தி கிரேட் பிக்கி பேங்க் ராபரி'. வார்னர் பிரதர்ஸின் லூனி டியூன்ஸ் கார்ட்டூன் வரிசையில் 1946 ஜூலை 20 அன்று அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. இயக்கம் பாப் கிளாம்பெட், கதை வாரன் ஃபாஸ்டர், இசை கார்ல் ஸ்டாலிங், குரல் மெல் பிளாங்க். ஓடும் நேரம் ஏழரை நிமிடத்தை ஒட்டி. 1994-இல் ஜெர்ரி பெக் என்பவர் ஆயிரம் அனிமேஷன் துறையினரிடம் கேட்டு, தலைசிறந்த ஐம்பது கார்ட்டூன்கள் என்று ஒரு பட்டியல் தொகுத்தார். அதில் இதற்கு 16-ஆவது இடம். என்னைக் கேட்டால் முதல் பத்துக்குள் வைப்பேன். அது என் சாய்வு, போகட்டும்.

கோமாளித் துப்பறிவாளன் என்பவன் சினிமாவில் பழைய சரக்கு. பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தூணில் முட்டிக்கொள்வான், குற்றவாளியிடமே வழி கேட்பான், கடைசியில் தற்செயலாக வழக்கு முடிந்ததும் மார்தட்டிக்கொள்வான். பார்க்கிற நமக்கு அவனைவிட எப்போதும் ஒரு படி அதிகமாகத் தெரியும். சிரிப்பு பிறப்பதே அந்த இடைவெளியில்தான். இந்தப் படத்தில் அந்த இடைவெளி இல்லை. டாஃபி தப்புத் தப்பாகத்தான் செய்கிறது, ஆனால் அதை மட்டம் தட்டும் வேலையைப் படம் செய்வதில்லை. மாறாக, துப்பறியும் கதைப் புத்தகத்தில் மூழ்கிப்போன ஒரு வாசகனின் தலைக்குள் நம்மை உட்காரவைத்து, அங்கிருந்தே உலகத்தைக் காட்டுகிறது. மற்ற துப்பறியும் கார்ட்டூன்களிலிருந்து இது எப்படி விலகி நிற்கிறது என்பதற்கு இதுதான் சாவி என்பது என் எண்ணம். காட்சி காட்சியாகப் பார்ப்போம்.

பின்னணியில் நடந்தவை

படம் வந்தபோது அதை இயக்கியவர் ஸ்டுடியோவில் இல்லை. கிளாம்பெட் 1945-இலேயே வார்னரை விட்டுக் கிளம்பிவிட்டார். அன்றைய கார்ட்டூன்கள் எழுதி, வரைந்து, வண்ணம் பூசி, இசை சேர்த்து, டெக்னிகலர் பிரதி எடுத்துத் திரைக்குப் போக ஒரு வருடத்துக்கு மேல் ஆவது சகஜம். அதனால் அவர் போன பிறகும் அவர் படங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்துகொண்டே இருந்தன. அதே வருட அக்டோபரில் வந்த 'தி பிக் ஸ்னூஸ்' அவர் அங்கே கடைசியாகத் தொட்ட படம்.

ஸ்டுடியோவின் நிலவரமும் அப்போது மாறிக்கொண்டிருந்தது. இந்தக் கார்ட்டூன்களைத் தயாரித்து வார்னருக்கு விற்றுக்கொண்டிருந்த லியான் ஷ்லெசிங்கர் 1944-இல் முழு நிறுவனத்தையும் வார்னருக்கே விற்றுவிட்டார். அவர் நாற்காலியில் எடி செல்சர் வந்து அமர்ந்தார். உள்ளே வேலை தனித்தனிக் குழுக்களாக நடந்தது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு இயக்குநர், அவருக்கென்று சில அனிமேட்டர்கள், ஒரு கதாசிரியர், பின்னணி ஓவியர். இசைக்கு ஸ்டாலிங்கும் சத்தங்களுக்கு ட்ரெக் பிரவுனும் எல்லாருக்கும் பொது. கிளாம்பெட்டின் குழு 1941 வரை டெக்ஸ் ஏவரி நடத்திய குழு. ஏவரி வெளியேறியதும் அது இவர் கைக்கு வந்தது.

இந்தப் படத்தில் பெயர் வரும் அனிமேட்டர்கள் ராட் ஸ்கிரிப்னர், மேனி கூல்ட், பில் மெலண்டெஸ், இஸ்ஸி எல்லிஸ். நால்வருக்கும் நாலு கை. ஸ்கிரிப்னர் வரைந்தால் உருவம் ரப்பர்போல இழுபடும், முகம் முழுக்கச் சுருக்கம் விழும், பல் ஒவ்வொன்றும் தனியாக நடிக்கும். மேனி கூல்ட் வரைந்தால் கை கேமராவை நோக்கிப் பாயும். மெலண்டெஸ் இருபது வருடம் கழித்து சார்லி பிரவுன் தொலைக்காட்சிப் படங்களை இயக்கியவர். அந்த அமைதியான படங்களையும் இந்தக் கூத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே மனிதர் இரண்டிலும் இருந்தார் என்று நம்பக் கொஞ்சம் சிரமம். காட்சி அமைப்பு தாமஸ் மெக்கிம்சன், பின்னணி ஓவியம் ஃபிலிப் டிகார்ட்.

கிளாம்பெட்டைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மலிவுத்தாள் சாகசக் கதைகள் மீது அவருக்கு உண்மையிலேயே மோகம். 1930-களின் நடுவில், வார்னரில் இளைஞராக இருந்தபோதே, எட்கர் ரைஸ் பரோஸின் செவ்வாய்க்கிரகக் கதைகளை அனிமேஷன் தொடராக்கலாம் என்று எழுத்தாளரின் மகனோடு சேர்ந்து சோதனைக் காட்சிகள் வரைந்து பார்த்தார். அது படமாகவில்லை. ஆனால் காமிக்ஸ் வாசகனைக் கிண்டல் செய்யும் படத்தை இயக்கியவர் தானே அந்த ரகம் என்பது இங்கே முக்கியம்.

சம்பவம்

ஒரு பண்ணை. நல்ல வெயில், பசும்புல், வேலி, தபால் பெட்டி. டாஃபி அந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறது. தபால்காரர் கொண்டுவர வேண்டியது டிக் டிரேசி காமிக்ஸ் புத்தகம். கையில் கிடைத்ததும் ஒரு மூலையில் உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டுகிறது. புரட்டுகிறது என்பது பலவீனமான சொல். கழுத்து நீள்கிறது, கண் பிதுங்குகிறது, உடம்பே புத்தகத்துக்குள் இறங்கப் பார்க்கிறது. "அந்த ஆளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று உருகுகிறது.

டிக் டிரேசி யார் என்று தெரியாதவர்களுக்கு: 1931 அக்டோபரில் செஸ்டர் கூல்ட் தொடங்கிய நாளிதழ்ச் சித்திரத்தொடரின் நாயகன். கூரிய மூக்கு, சதுரத் தாடை, தயங்காமல் சுடும் போலீஸ்காரர். 1940-களில் அமெரிக்காவில் அவரைத் தெரியாதவர் கிடையாது.

தான் டிரேசியாக இருந்தால் வில்லனை எப்படிக் கையாளுவேன் என்று டாஃபி நடித்துக் காட்டுகிறது. குத்துவிடும் வேகத்தில் தன் முகத்திலேயே குத்து வாங்கி மல்லாந்து விழுகிறது. மயக்கம். அப்புறம் கனவு. அதில் அது டக் ட்வேஸி, பேர்பெற்ற துப்பறிவாளன்.

இந்தத் தொடக்கத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் செலவாகிறது. ஏழரை நிமிடப் படத்தில் அது பெரிய செலவு. வேறு இயக்குநர் என்றால் நேரே துப்பறிவாளன் அலுவலகத்தில் தொடங்கியிருப்பார், ரசிகர்களும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். கிளாம்பெட் வாசகனை முதலில் காட்டுகிறார். புத்தகத்தின் மீது அவனுக்குள்ள பித்தைக் காட்டுகிறார். அதற்குப் பிறகு வருகிற அபத்தம் எல்லாமே அந்தப் பித்திலிருந்து முளைத்தது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது.

அலுவலகத்தில் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கிறது. அங்கே உண்டியல் போய்விட்டது, இங்கே உண்டியல் போய்விட்டது. ட்வேஸி அசட்டையாகக் கேட்டுக்கொள்கிறான். சந்தேகம் தட்டி, தன் பெட்டகத்தைத் திறந்து பார்க்கிறான். அவன் உண்டியலையும் காணோம். அதுவரை ஊர் வழக்கு, அந்த நொடியிலிருந்து சொந்த வழக்கு. எழுந்து ஓடுகிறான்.

துப்பே இல்லாத துப்பறிதல்

இனி துப்பறிவாளன் துப்பறிய வேண்டும். ஒரு வாடகைக் காரைப் பிடித்து, முன்னால் போகும் வண்டியைத் துரத்தச் சொல்கிறான். ஓட்டுநர் சொன்னபடியே துரத்திப் போய்விடுகிறார், இவனை ஏற்றிக்கொள்ளாமல். இவன் அசரவில்லை. இப்படிச் சொல்லிவைத்தால்தான் ஆட்கள் சுறுசுறுப்பாக இருப்பார்கள் என்ற தோரணையில் பேசிவிட்டு நகர்கிறான். வழியில் குனிந்து தடம் பார்த்துக்கொண்டே போகும்போது இன்னொரு ஆளோடு முட்டிக்கொள்கிறான். அவர் ஷெர்லாக் ஹோம்ஸ். இந்தப் பக்கம் என் ஏரியா என்று அவரை விரட்டிவிடுகிறான்.

இவை இரண்டும் படத்தில் எனக்குச் சாதாரணமாகப் படும் இடங்கள். வேறு கார்ட்டூன்களிலும் இதே மாதிரி சிரிப்புத் துணுக்குகள் உண்டு. ஆனால் அடுத்து வருவது அப்படியல்ல. ட்வேஸி ஒரு டிராம் வண்டியில் ஏறுகிறான். வண்டி நேராகக் கொள்ளையர் மறைவிடத்துக்குப் போகிறது. வண்டிக்காரர் ஒட்டு மீசையோடு நம் போர்க்கி பன்றி, வார்னரின் இன்னொரு கார்ட்டூன் நாயகன். அது ஒரு சின்னத் தரிசனம், வசனம்கூட இல்லை. போய்ச் சேர்ந்த இடத்தில் கொள்ளையர் மறைவிடம் என்று நியான் விளக்கில் பளபளவென்று அறிவிப்பு.

மறைவிடத்துக்குப் பெயர்ப்பலகை என்பது ஒரு நல்ல ஜோக், சரி. ஆனால் இது ஜோக் மட்டுமில்லை. காமிக்ஸ் படிக்கிற பையனைக் கேளுங்கள், வில்லன்கள் எங்கே இருப்பார்கள் என்று. வில்லன்கள் இருக்கிற இடத்தில்தான் இருப்பார்கள் என்பான். எப்படிப் போவது? எல்லா இடத்துக்கும் போகிற மாதிரி, டிராமில். துப்பு, சாட்சி, அனுமானம் எல்லாம் அவன் பக்கத்தைப் புரட்டும் வேகத்தில் தாண்டிவிடுகிற சமாச்சாரங்கள். அவனுக்கு வேண்டியது சண்டை. படம் அந்த அவசரத்தை மதித்து, துப்பறியும் கட்டத்தை ஒரு டிராம் பயணத்தில் முடித்துவிடுகிறது. சாதாரணக் கோமாளித் துப்பறிவாளன் துப்பைத் தப்பாகப் படிப்பான். ட்வேஸிக்குத் துப்பே தேவைப்படவில்லை.

மறைவிடத்துக்குள் கால் வைத்ததும் உலகமே மாறுகிறது. பண்ணையின் வெயில் எங்கே போனது என்றே தெரியவில்லை. டிகார்டின் ஓவியங்களில் சுவர்கள் சாய்கின்றன, நிழல்கள் அறையைக் கூறு போடுகின்றன, கதவுகள் ஒன்றும் நேராக நிற்பதில்லை. அந்த வருடங்களில் ஹாலிவுட்டில் இருட்டும் சுருட்டுப்புகையுமாகத் துப்பறியும் படங்கள் வந்துகொண்டிருந்த நேரம். அந்த ஒளியமைப்பை இங்கே அப்படியே கொண்டுவந்து இன்னும் இரண்டு மடங்கு முறுக்கியிருக்கிறார்கள். கேலிப்படம் என்றால் பின்னணியும் கேலியாகத்தான் இருக்கும் என்று நினைப்போம். இங்கே பின்னணி கேலி செய்யவில்லை, நிஜமாகவே பயமுறுத்துகிறது. வாத்து மட்டும்தான் வாத்தாக இருக்கிறது.

தரையில் காலடித் தடங்கள். அவற்றைத் தொடர்ந்து போகிறான். தடம் சுவர் மீது ஏறினால் இவனும் ஏறுகிறான். டக் ட்வேஸிக்கு முடியாதது எதுவுமில்லை என்பது அவன் கொள்கை. கடைசியில் ஒரு எலிப்பொந்து. வெளியே வாடா எலியே என்று அதட்டுகிறான். பொந்திலிருந்து வெளிவருவது சுவரை மறைக்கிற அளவுக்கு ஒரு ராட்சத எலி மனிதன். ட்வேஸி குரலைத் தாழ்த்தி, திரும்ப உள்ளே போய்விடும்படி சொல்கிறான்.

இந்த இடத்தில் மெல் பிளாங்கின் குரலைக் கவனிக்க வேண்டும். டாஃபியின் குரலை அவர் பேசிப் பதிவு செய்த பிறகு கொஞ்சம் வேகம் கூட்டுவார்கள், அதனால்தான் அந்தக் கீச்சு. ஆனால் வேகம் கூட்டினாலும் பயந்தவன் தன் பயத்தை மரியாதைக்குள் மறைக்கிற அந்தத் தொனி கெடாமல் வந்திருக்கிறது.

பெயரே உடம்பு

வில்லன்கள் வரிசைகட்டி வருகிறார்கள். படத்தின் நெஞ்சு இதுதான்.

செஸ்டர் கூல்டின் தொடரில் ஒரு விதி உண்டு. கெட்டவனின் கெடுதல் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும். முகம் முழுக்கச் சுருங்கியவன் ஒருவன், உச்சந்தலை தட்டையாக இருப்பவன் ஒருவன். பெயரும் அதே அடையாளத்திலிருந்து வரும். வாரன் ஃபாஸ்டர் இந்த விதியைப் பிடித்துக்கொண்டு அது தாங்கும் எல்லை வரை இழுக்கிறார். கூல்டிடம் 88 கீஸ் என்று ஒரு வில்லன் உண்டு, பியானோக்காரன், பியானோவுக்கு 88 கட்டைகள் என்பதால் அந்தப் பெயர். படத்தில் அவன் 88 டீத் ஆகிறான், வாயைத் திறந்தால் பற்கள் இருக்கவேண்டிய இடத்தில் பியானோக் கட்டைகள். ஸ்னேக் ஐஸ் என்பவனுக்குக் கண்ணுக்குப் பதில் தாயக்கட்டைகள். ஹேமர்ஹெட்டுக்குத் தலையே சுத்தியல். பம்ப்கின்ஹெட் என்பவனுக்குப் பரங்கிக்காய்த் தலை. ஜூக்பாக்ஸ் ஜா, பிக்கிள் புஸ், இரட்டைத் தலை டபுள்ஹெடர், நியான் குழாயை வளைத்துச் செய்த உடம்போடு நியான் நூடுல் என்று பட்டியல் நீள்கிறது.

இவர்களுக்கு நடுவே கூல்டின் சொந்த வில்லன் ஒருவன் பெயர் மாறாமல் வந்துபோகிறான். ஃபிளாட்டாப். 1943 கடைசியில் தொடரில் அறிமுகமாகி, அடுத்த வருடமே செத்துப்போனவன். விமானந்தாங்கிக் கப்பலுக்கு அமெரிக்கக் கடற்படையில் இருந்த செல்லப்பெயர் அது, அவன் தட்டைத் தலைக்குப் பொருந்தியதால் கூல்ட் வைத்தார். படத்தில் அவன் தலையிலிருந்து நிஜமாகவே போர்விமானங்கள் கிளம்புகின்றன. பசிபிக் போர் முடிந்து ஒரு வருடம்கூட ஆகாத கோடையில் திரையரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த ஒரு காட்சி எப்படிப் புரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். செய்திப்படங்களில் மாதக்கணக்கில் பார்த்த கப்பல்தளம் ஒரு ரவுடியின் மண்டையில்.

இத்தனை பேரையும் ஒரே இடத்தில் பார்த்த ட்வேஸி என்ன செய்கிறான்? ஒவ்வொருவர் பெயராகச் சொல்கிறான். பயத்தில்தான் சொல்கிறான், ஆனால் ஒரு பெயர்கூடத் தவறுவதில்லை. இது துப்பறிவாளனின் அறிவு இல்லை, வாசகனின் அறிவு. யாருக்கு என்ன பெயர், எந்த ஆயுதம் என்று புத்தகத்தை மனப்பாடம் செய்தவனுக்குத்தான் இது வரும். பிறகு, நீங்கள் எல்லோரும் கைது என்று அறிவிக்கிறான். ஒரே ஒரு வாத்து, எதிரே ஒரு படை. அவன் கணக்கில் அது சரியான எண்ணிக்கைதான், ஏனென்றால் புத்தகத்தில் டிரேசியும் ஒற்றை ஆள்.

ரப்பர்ஹெட் வரும் இடத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பென்சில் நுனியில் இருக்கும் ரப்பர்தான் அவனுக்குத் தலை. ட்வேஸியை அழித்துவிடுவேன் என்று மிரட்டுகிறான், சொன்னபடியே தலையால் தேய்த்து அழித்துவிடுகிறான். திரையில் வாத்து இல்லை, வெறும் பின்னணி. ஆனால் அழிந்துபோன வாத்து விடவில்லை. இது நம்பவே முடியாத விஷயம் என்று வேறோரு மூலையிலிருந்து எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகிறது. கனவுக்குள் இருக்கும் கதாபாத்திரம் தன் கனவு கொஞ்சம் அதிகமாகப் போகிறது என்று புகார் சொல்லும் இடம் இது. வேறு யாராவது செய்திருந்தால் இங்கே நிறுத்தி, ரசிகனைப் பார்த்துக் கண்ணடித்திருப்பார்கள். கிளாம்பெட்டுக்கு நிற்க நேரமில்லை.

அலமாரி

துரத்தலின் முடிவில் வில்லன்கள் கூட்டமாக ஒரு அலமாரிக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். ட்வேஸி கதவைச் சாத்திவிட்டு இயந்திரத் துப்பாக்கியை எடுத்து, மூடிய கதவின் மீதே சுட்டுத் தள்ளுகிறான். சத்தம் ஓய்ந்ததும் கதவைத் திறக்கிறான். உடல்கள் விழுகின்றன. ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. விறைத்த பலகைகள்போல ஒரே சீராக, ஒரே தாளத்தில், விழுந்துகொண்டே இருக்கின்றன. அலமாரியில் இத்தனை பேர் எப்படி இருந்தார்கள் என்று கேள்வி எழுந்து, அடங்கி, திரும்ப எழுந்த பிறகும் விழுகின்றன.

அன்றைய கார்ட்டூன் வினாடிக்கு 24 ஃபிரேம். ஏழரை நிமிடம் என்றால் பத்தாயிரத்தைத் தாண்டும். எந்தச் செயலுக்கு எத்தனை ஃபிரேம் என்று இயக்குநர் முன்கூட்டியே தாளில் எழுதிக் கொடுத்துவிடுவார். நகைச்சுவையின் உயிர் அந்தத் தாளில்தான் இருக்கிறது. இந்தப் படத்தில் மற்ற எல்லா இடத்திலும் செயல்கள் ஒன்றையொன்று முந்துகின்றன, கண் பிடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. அலமாரிக் காட்சியில் மட்டும் எண்ணிப் பார்க்கலாம் என்கிற அளவுக்குச் சீரான இடைவெளி. அந்தச் சீர்தான் சிரிப்பை வரவழைக்கிறது. சேர்ந்து விழுந்திருந்தால் அது வெறும் படுகொலை.

படுகொலை என்றுதான் சொல்ல வேண்டும், வேறு பெயர் இல்லை. இன்றைக்கு ஒரு குழந்தைகள் சேனல் இதை ஒளிபரப்பத் தயங்கினால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் 1946-இல் இது குழந்தைகளுக்கென்று எடுத்த படமில்லை. முழுநீளப் படத்துக்கு முன்னால், செய்திப்படத்தோடு சேர்த்து, பெரும்பாலும் பெரியவர்கள் நிறைந்த அரங்கில் ஓடியது. கூல்டின் தொடரும் அப்படித்தான், காலை நாளிதழிலேயே ஆட்கள் கொடூரமாகச் சாவார்கள். படம் அந்தக் கொடூரத்தைத் தொடரிலிருந்தே வாங்கிக்கொண்டது.

எஞ்சியவன் நியான் நூடுல். அவனைச் சுட்டும் பயனில்லை, உடம்பே வெறும் விளக்குக் குழாய். ட்வேஸி அவனை முறுக்கி, ஜோ கடையில் சாப்பிடுங்கள் என்று எழுதிய விளம்பரப் பலகையாக்கிவிடுகிறான். அந்தக் காலக் கார்ட்டூன்களில் அடிக்கடி தலைகாட்டும் பலகை அது, பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும்.

வழக்கு முடிந்தது. உண்டியல்கள் கிடைக்கின்றன, அவனுடையதும் இருக்கிறது. வாரி அணைத்து முத்தம் கொடுக்கிறான். அப்படியே விழிப்பு வருகிறது. பண்ணை, பன்றித்தொழுவம், கையில் நிஜப் பன்றி. பெண் பன்றி. அது மயங்கி, நடனமாடலாமா என்று கேட்டு ஒரு முத்தம் தருகிறது. டாஃபி வாயைத் துடைத்துக்கொண்டு ஓட்டம் பிடிக்கிறது. அந்த வாத்தை எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று பன்றி உருகுகிறது. முதல் நிமிடத்தில் டாஃபி டிரேசியைப் பற்றிச் சொன்ன அதே வார்த்தை. ரசிகனுக்கே ஒரு ரசிகை கிடைத்துவிட்டாள், அவனுக்கு அது பிடிக்கவில்லை. முடிவுக்காக முடிவு என்று ஒட்டவைக்காமல், கதையின் கருவிலிருந்தே எடுத்த முடிவு.

மற்ற வழக்குகளோடு ஒப்பிட்டால்

மூன்று வருடம் முன்னால், 1943-இல், எம்ஜிஎம்முக்குப் போயிருந்த டெக்ஸ் ஏவரி 'ஹூ கில்ட் ஹூ' என்று ஒரு துப்பறியும் கார்ட்டூன் எடுத்தார். இருண்ட மாளிகை, கொலை, முரட்டுப் போலீஸ் துப்பறிவாளர். படத்தைத் தொடங்கி வைத்து முன்னுரை சொல்பவர் நிஜ மனிதர், ஒரு நடிகர். முடிவில் கொலைகாரன் அவரேதான் என்று தெரியவருகிறது. ஏவரிக்குத் துப்பறிவாளன் மீது அக்கறை இல்லை, அவர் குறி கொலைமர்மக் கதை என்ற வடிவத்தின் மீது. ஒவ்வொரு வழக்கமான கட்டத்தையும் எடுத்து அதன் கழுத்தைத் திருகுகிறார். அற்புதமான படம். ஆனால் பார்த்து முடித்த பிறகு அந்தத் துப்பறிவாளரின் முகம்கூட நினைவில் நிற்பதில்லை.

இந்தப் பக்கம் 1956. சக் ஜோன்ஸ் இயக்கிய 'டிட்யூஸ், யூ சே'. டாஃபி இப்போது டார்லாக் ஹோம்ஸ், போர்க்கி அவன் உதவியாளர் வாட்கின்ஸ். லண்டனில் ஒரு ராட்சதக் கொலைகாரன். டாஃபி அறிவாளித்தனமாகப் பேசிப் பேசி அடிவாங்குகிறது. போர்க்கி அமைதியாகப் பேசியே காரியத்தை நகர்த்துகிறார். இங்கே பழைய இடைவெளி திரும்பிவிட்டது. டாஃபியைவிட நமக்கும் போர்க்கிக்கும் அதிகம் தெரியும், டாஃபியின் தற்பெருமைக்குக் கிடைக்கும் தண்டனையைப் பார்த்துச் சிரிக்கிறோம். அதே வருடம் ஜோன்ஸே எடுத்த 'ராக்கெட் ஸ்குவாட்' படத்திலும் டாஃபியும் போர்க்கியும் விண்வெளிப் போலீஸ்காரர்கள். தப்பான ஆளைப் பிடித்து, கடைசியில் இவர்களே கம்பி எண்ணுகிறார்கள். இடையில் 1952-இல் ராபர்ட் மெக்கிம்சன் டாஃபிக்குத் தனியார் துப்பறிவாளன் வேடம் கொடுத்த படம் ஒன்று உண்டு, வேகமாகப் போகும், பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

ஜோன்ஸின் டாஃபி நுட்பமான பாத்திரம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. பொறாமை, பேராசை, அவமானம் என்று அதற்கு ஒரு மனசு உண்டு. ஆனால் அந்த வாத்து உயர்ந்தவனாகத் தன்னைக் காட்டிக்கொள்ள ஆசைப்படுகிறது. கிளாம்பெட்டின் வாத்து யாரிடமும் எதையும் காட்ட வரவில்லை. அது டிரேசியாக இருக்க ஆசைப்படுகிறது, அவ்வளவுதான். அதனால்தான் இங்கே கோமாளித் துப்பறிவாளன் ஜெயிக்கிறான், தற்செயலாக இல்லாமல் தானே சுட்டு, தானே முறுக்கி, தானே கண்டுபிடித்து ஜெயிக்கிறான். கனவில் வேறு எப்படி நடக்கும்?

இந்த வாதத்துக்கு ஒரு எதிர்வாதம் உண்டு. கனவு என்று சொல்லிவிட்டால் எதையும் செய்யலாம், அது கதை சொல்வதில் ஒரு குறுக்குவழி என்பார்கள். பல படங்களில் அது உண்மை. இங்கே அப்படி இல்லை என்பதற்குக் காரணம், கனவில் வரும் பெரும்பாலானவை டாஃபி விழித்திருந்தபோது அதன் அருகில் இருந்தவை என்பதுதான். புத்தகத்தில் வில்லன்கள், பண்ணையில் பன்றிகள், தன் முகத்தில் தானே விட்ட குத்து. திருட்டுக் கொடுத்தவனும் திருடனைத் தேடுபவனும் ஒரே ஆளாக இருப்பதும் அந்தக் குத்தின் தொடர்ச்சி. உண்டியல் ஏன் பன்றி வடிவம் என்ற கேள்விக்குக் கடைசி நொடியில் பதில் கிடைத்துவிடுகிறது.

படம் போன வழி

கிளாம்பெட் போன பிறகு அவர் குழு ஆர்ட் டேவிஸ் கைக்குப் போனது. டாஃபியின் கிறுக்கு வேகம் மெல்ல மெல்லக் குறைந்தது. கிளாம்பெட் தொலைக்காட்சிக்குப் போய், 1949-இல் 'டைம் ஃபார் பீனி' என்ற பொம்மலாட்டத் தொடரைத் தொடங்கினார்.

படம் வேறு பாதையில் பயணித்தது. 1948-க்கு முந்தைய தன் வண்ணக் கார்ட்டூன்களை வார்னர் 1956-இல் ஏஏபி என்ற விநியோக நிறுவனத்துக்கு விற்றது. அந்த மூட்டை யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ், எம்ஜிஎம் என்று கைமாறி, 1986-இல் டெட் டர்னரிடம் போய்ச் சேர்ந்தது. 1992-இல் அவர் கார்ட்டூன் நெட்வொர்க்கைத் தொடங்கியபோது அந்தப் பழைய சரக்குதான் ஆரம்ப முதலீடு. 1995-இல் சேனல் இந்தியாவுக்கு வந்தபோது நம் வீடுகளுக்கு 1940-களின் வாத்தும் முயலும் வந்து சேர்ந்தது இந்த வழியாகத்தான். ஒரு வருடம் கழித்து டர்னர் நிறுவனம் டைம் வார்னரோடு இணைய, விற்ற சரக்கு நாற்பது வருடம் கழித்து விற்றவர் குடும்பத்துக்கே திரும்பியது.

2004-இல் வெளியான லூனி டியூன்ஸ் கோல்டன் கலெக்‌ஷன் இரண்டாம் தொகுதி டிவிடியில் சீரமைத்த பிரதி இருக்கிறது. வண்ணம் மங்கிய பழைய பிரதிகளை மட்டும் பார்த்தவர்கள் மறைவிடக் காட்சிகளுக்காகவே அதைத் தேடிப் பிடிக்கலாம். பார்க்கும்போது வில்லன்கள் முதன்முதலாக நெருங்கி வரும் இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். டாஃபியின் அலகும் கழுத்தும் எந்த அளவுக்கு உருக்குலைகின்றன என்பது ஓடும் வேகத்தில் கண்ணுக்குத் தெரியாது.